தலைவர்கள் பின்னால் ஏன் கூட்டம் சேர்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தன்னார்வக் குழுக்களை நடத்துபவர்களோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. ஒருவர் பேச்சை நம்பி பல நூறு பேர் கிளம்புவது எப்படி, அதில் நல்லது எது, ஆபத்து எது என்ற பேச்சு வராத கூட்டமே இல்லை. முகங்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அதனால் அவற்றை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன.

பதவியில இருக்கிற எல்லாரும் தலைவர்தானே? இதுல ‘ஊக்கமூட்டும் தலைவர்’னு தனியா என்ன இருக்கு?

ஒருவர் சொல்வதை நாம் கேட்பதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம் என்று ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் பிரித்துக் காட்டினார். பரம்பரை வழக்கம் ஒன்று. சட்டமும் பதவியும் தரும் அதிகாரம் இன்னொன்று. மூன்றாவது, அந்த மனிதரிடம் அபூர்வமான ஏதோ இருக்கிறது என்ற நம்பிக்கை. இந்த மூன்றாவதைத்தான் வசீகரம் என்கிறோம். மேலதிகாரி சொன்னால் செய்கிறோம், அவர் மாற்றலாகிப் போனால் அடுத்தவர் சொல்வதைச் செய்கிறோம். வசீகரத் தலைவர் விஷயம் அப்படியல்ல. அவர் எங்கே போனாலும் பின்னால் போகிறவர்கள் இருப்பார்கள்.

வேபர் சொன்னதில் பலரும் கவனிக்காமல் விடும் பகுதி ஒன்று உண்டு. வசீகரம் தலைவரின் சொத்து அல்ல. பின்பற்றுகிறவர்கள் ஒத்துக்கொள்ளும்வரைதான் அது இருக்கும். இந்தப் பக்கத்தில் இனி வரும் பதில்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

இது பிறவியிலேயே வர்றதா, பழகினா வருமா?

பெருமளவு பழக்கத்தில் வருவதுதான். இளம் வழக்கறிஞராக காந்தி பம்பாய் நீதிமன்றத்தில் தன் முதல் வழக்கில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றியது, ஒரு கேள்வியும் வாயில் வரவில்லை. வழக்கை வேறொருவரிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு வெளியேறினார். இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். இன்னொரு பக்கம் ஹிட்லர், மேடைச் சைகைகள் எப்படித் தெரிகின்றன என்று பார்ப்பதற்காக 1920களில் தன் புகைப்படக்காரர் ஹாஃப்மனை வைத்துப் படம் எடுத்துப் பயிற்சி செய்தார். அருவிபோல் கொட்டுகிறது என்று கூட்டம் நினைத்த பேச்சுக்குப் பின்னால் அத்தனை ஒத்திகை இருந்தது.

அப்படியானால் எல்லாம் நடிப்பா என்று உடனே கேட்பார்கள். இல்லை. ஒத்திகை பார்த்தார் என்பதற்காக ஒருவர் பொய்யராகிவிட மாட்டார். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் எழுதி வைத்த உரையைத்தான் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த பாடகி மஹாலியா ஜாக்சன், “அந்தக் கனவைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று குரல் கொடுத்தார். கிங் தாளை விட்டு விலகிப் பேச ஆரம்பித்தார். உலகம் நினைவில் வைத்திருப்பது அதற்குப் பிறகு வந்த பகுதியைத்தான். ஆனால் அந்தக் கனவுப் பகுதியை அதற்கு முன்பே வேறு மேடைகளில் அவர் பேசிப் பார்த்திருந்தார். பழக்கமும் உண்மையும் ஒரே வாயில் இருக்க முடியும்.

அப்போ நல்லா பேசத் தெரிஞ்சா போதும், கூட்டம் தானா வந்துடுமா?

கேட்க வரும். கூட நடக்க வராது. இதில்தான் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவில் மான்ட்காமரி நகரப் பேருந்துப் புறக்கணிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1955 டிசம்பர் 1 அன்று, பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் கைதானார். அன்று இரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற பேராசிரியை கல்லூரியின் நகலெடுக்கும் இயந்திரத்தில் பல்லாயிரம் துண்டறிக்கைகள் அடித்தார். விடிந்ததும் அவை ஊரெங்கும் போயின. 26 வயது கிங் தலைவராகத் தேர்வானது அதற்குப் பிறகுதான். புறக்கணிப்பு 381 நாள் நீடித்ததற்கு அவருடைய உரைகள் மட்டும் காரணமல்ல. யார் காரில் யார், எத்தனை மணிக்கு, எந்த முனையில் ஏறுவது என்று ஒவ்வொரு நாளும் உட்கார்ந்து திட்டமிட்டவர்கள் இருந்தார்கள். நடந்தே வேலைக்குப் போன பெண்கள் இருந்தார்கள். ஒவ்வொரு நாள் நடையும் அவர்களை அந்த இயக்கத்தோடு இன்னும் இறுக்கியது.

உப்புச் சத்தியாகிரகமும் அப்படித்தான். 1930 மார்ச் 12 அன்று, 60 வயதில், 78 பேரோடு காந்தி சபர்மதியிலிருந்து கிளம்பினார். தண்டிக்குச் சுமார் 385 கிலோமீட்டர். உப்பா, இது ஒரு பிரச்சினையா என்று கூட இருந்தவர்களே முகம் சுளித்தார்கள். ஆனால் அடுப்பு எரியும் எல்லா வீட்டிலும் உப்பு உண்டு, அதற்கு வரி கட்டாதவர் யாரும் இல்லை. கடற்கரையில் ஒரு பிடி உப்பை அள்ளினால் போராட்டத்தில் நீங்களும் சேர்ந்துவிட்டீர்கள். அந்த ஆண்டு சுமார் 60,000 பேர் சிறை போனார்கள். சாதாரண மனிதர் செய்யக்கூடிய ஒரு காரியத்தை அவர் கையில் கொடுப்பதுதான் தலைவரின் திறமையில் பெரும்பகுதி. பேச்சு அதற்கு வாசல் திறக்கிறது, அவ்வளவே.

ஒருத்தரே பத்து வருஷமா பேசறார், யாரும் கண்டுக்கல. திடீர்னு எல்லாரும் பின்னாடி போறாங்க. எப்படி?

கேட்பவர்களின் நிலைமை மாறியிருக்கும். 1928 ஜெர்மன் தேர்தலில் ஹிட்லரின் கட்சிக்குக் கிடைத்தது 2.6 சதவீத வாக்கு. 1930இல் 18.3. 1932 ஜூலையில் 37.3. நான்கு வருடத்தில் அந்த ஆள் புதிதாக எதையும் கற்றுக்கொண்டுவிடவில்லை. நடுவில் பொருளாதாரம் சரிந்தது, 1932 தொடக்கத்தில் வேலையற்றவர்கள் 60 லட்சத்தைத் தொட்டார்கள். பயமும் அவமானமும் சேர்ந்திருக்கும் நேரத்தில், “இது உங்கள் தப்பு இல்லை, இன்னாரின் தப்பு, நான் சரிசெய்கிறேன்” என்று உறுதியாகச் சொல்கிறவரின் குரல் நன்றாகவே காதில் விழும்.

நல்ல தலைவர்களும் நெருக்கடியில்தான் எழுகிறார்கள். அவர்களும் “இது உங்கள் தப்பு இல்லை” என்று சொல்லக்கூடும். அந்தப் பழியை அடுத்து யார் தலையில் போடுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

பின்னாடி போறவங்களுக்கு இதுல என்ன லாபம்? பணமா?

அரிதாகத்தான் பணம். நான் ஒரு ஆளாக மதிக்கப்படுகிறேன் என்ற உணர்வு, கூட நிற்க நாலு பேர், நாளை காலை எழுந்ததும் செய்ய ஒரு வேலை. இவைதான் கிடைக்கின்றன. இவற்றை அற்பமாக நினைக்கவே கூடாது.

துருவப் பயணி ஷாக்கில்டனின் அண்டார்க்டிகா பயணத்தில் இதை நெருங்கிப் பார்க்கலாம். 1915இல் அவருடைய கப்பல் பனியில் நசுங்கியது. 28 பேர் மிதக்கும் பனிக்கட்டிமேல் கூடாரம் போட்டார்கள். ஆளுக்கு ஒரு கிலோகூட இல்லாத அளவுக்குத்தான் சொந்தப் பொருள் வைத்துக்கொள்ளலாம் என்று கட்டளை. முதலில் தன்னிடமிருந்த தங்கக் காசுகளைப் பனியில் எறிந்தவர் ஷாக்கில்டன். ஆனால் வானிலை ஆய்வாளர் ஹஸ்ஸியின் பாஞ்சோ என்ற நரம்பிசைக் கருவியை, அது கிட்டத்தட்ட 5 கிலோ எடை இருந்தும், கட்டாயம் எடுத்துவரச் சொன்னார். மனசுக்கு அது மருந்து என்றார். முணுமுணுக்கக்கூடிய ஆட்களைத் தள்ளி வைக்காமல் தன் கூடாரத்திலேயே தங்க வைத்துக்கொண்டார். படகில் போகும்போது புகைப்படக்காரர் ஹர்லி கையுறையைத் தொலைக்க, தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார். அந்த 28 பேரும் உயிரோடு திரும்பினார்கள். அதே பயணத்தின் இன்னொரு பிரிவு அண்டார்க்டிகாவின் மறுகரையில் இருந்தது. அதில் மூன்று பேர் இறந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

படிச்சவங்க, விவரம் தெரிஞ்சவங்க இதுல ஏமாற மாட்டாங்க இல்லையா?

ஏமாறுவார்கள். 1995 மார்ச் 20 அன்று டோக்கியோவில் 5 சுரங்க ரயில்களில் சாரின் விஷவாயுவைப் பரப்பியவர்கள் ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக் குழுவினர். பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். விஷப் பையைக் குத்தியவர்களில் ஒருவர் இதய அறுவை மருத்துவர். அறிவியல் படித்தவர்களும் அதில் இருந்தார்கள்.

மத நம்பிக்கை சம்பந்தப்பட்டதால்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஒரு சொட்டு ரத்தத்தில் எல்லாப் பரிசோதனையும் செய்துவிடலாம் என்றது எலிசபெத் ஹோம்ஸின் தெரனோஸ் நிறுவனம். ஒரு கட்டத்தில் அதன் மதிப்பு 900 கோடி டாலர். அமெரிக்காவின் இரண்டு முன்னாள் வெளியுறவு அமைச்சர்கள் அதன் இயக்குநர் குழுவில் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான ஜார்ஜ் ஷல்ட்ஸின் பேரன் அங்கே வேலை பார்த்து, பரிசோதனை முடிவுகள் சரியில்லை என்று தாத்தாவிடமே சொன்னார். தாத்தா நம்பியது ஹோம்ஸை. முதலீட்டாளர்களை ஏமாற்றியதற்காக 2022இல் ஹோம்ஸ் குற்றவாளி என்று தீர்ப்பானது. படிப்பு சில நேரம் எதிராகவே வேலை செய்கிறது. ஏற்கெனவே எடுத்த முடிவுக்கு நியாயம் தேடுவதில் படித்தவர்கள் கெட்டிக்காரர்கள்.

எடுத்த எடுப்பிலேயே தப்பான ஆளைக் கண்டுபிடிச்சுட முடியாதா?

முடியாத சந்தர்ப்பங்கள் நிறைய. ஜிம் ஜோன்ஸ் 1950களில் இண்டியானாபொலிஸ் நகரில் தேவாலயம் தொடங்கியபோது, கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். அந்தக் காலத்தில் அது துணிச்சலான காரியம். பசித்தவர்களுக்குச் சாப்பாடு போட்டார், முதியோரைக் கவனித்தார். 1961இல் நகரத்தின் மனித உரிமைக் குழுவுக்கே இயக்குநராக நியமிக்கப்பட்டார். அவரிடம் சேர்ந்தவர்கள் முட்டாள்கள் அல்ல. சமத்துவத்தை விரும்பியவர்கள், பெரும்பாலும் நல்ல மனிதர்கள். 1978 நவம்பர் 18 அன்று தென் அமெரிக்காவின் கயானா நாட்டுக் காட்டில், ஜோன்ஸின் கட்டளைப்படி அவர்களில் 900க்கும் மேற்பட்டோர் விஷத்தால் இறந்தார்கள். மூன்றில் ஒரு பங்கு குழந்தைகள்.

“இவ்வளவு நல்லது செய்கிறாரே” என்பதை ஒருவருக்கு ஆயுள் முழுக்கச் செல்லும் சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

நல்ல மனுஷங்கன்னு சொல்றீங்க. அப்புறம் எப்படி அந்த அளவுக்குப் போனாங்க?

ஒவ்வொரு படியாகப் போனார்கள். முதலில் வாரத்தில் ஒரு நாள். பிறகு சம்பளத்தில் ஒரு பங்கு, பிறகு வீடு, பிறகு ஊர், கடைசியில் நாடு. போய்ச் சேர்ந்ததும் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். தற்கொலைக்கு ஒத்திகைகூட நடந்தது. ஒவ்வொரு படியும் முந்தையதைவிடக் கொஞ்சம்தான் பெரிது. இந்தப் படியில் மறுத்தால், போன படியில் ஏன் ஒத்துக்கொண்டாய் என்று மனசே கேட்கும்.

யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1961இல் தொடங்கிய சோதனையின் கருவியும் அப்படித்தான் அமைந்திருந்தது. அடுத்த அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொன்னால், ஆய்வாளர் சொல்படி சோதனைக்கு வந்தவர் அவருக்கு மின்னதிர்ச்சி தர வேண்டும். 15 வோல்ட்டில் ஆரம்பித்து, 15 15 ஆக ஏறி, 450 வரை. அதிர்ச்சி உண்மையானதல்ல, ஆனால் பொத்தானை அழுத்தியவர்களுக்கு அது தெரியாது. முதல் சோதனையில் 40 பேரில் 26 பேர் கடைசிவரை போனார்கள். முதல் பொத்தானே 450 என்றிருந்தால் அத்தனை பேர் அழுத்தியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் ஒருத்தன் எதிர்த்துப் பேசி என்ன ஆயிடப் போகுது?

மில்கிராம் இதையும் சோதித்துப் பார்த்தார். பக்கத்தில் இருக்கும் இரண்டு பேர் நடுவில் “நாங்கள் செய்ய மாட்டோம்” என்று எழுந்துவிடுவதுபோல் ஏற்பாடு செய்தார். இம்முறை கடைசிவரை போனவர்கள் 40 பேரில் 4 பேர் மட்டுமே.

ஒரே ஒருவர் எழுந்தால்? ஜோன்ஸின் கடைசிக் கூட்டத்தின் ஒலிப்பதிவு இருக்கிறது. அதில் ஒரு பெண் எழுந்து நின்று பேசுகிறார். வேறு நாட்டுக்குப் போக வழியில்லையா என்று கேட்கிறார். குழந்தைகள் வாழ வேண்டியவர்கள் என்கிறார். நிதானமாக, மரியாதையாகத்தான் கேட்கிறார். அவர் வாயை அடைத்தது ஜோன்ஸ் மட்டுமல்ல, சுற்றி இருந்தவர்களும் கூச்சல் போட்டு அவரை உட்கார வைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் அவரைப் போலவே நினைத்தவர்கள் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்களா? இருந்திருந்தால் அவர்கள் எழவில்லை. அதனால் உங்களுக்கு என் பதில்: பேசுங்கள், ஆனால் முன்கூட்டியே இன்னொருவரைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டு பேசுங்கள். ஒருவர் எழுந்ததும் இரண்டாவதாக எழுகிறவர் இருந்தால் அந்த அறையே வேறு மாதிரி ஆகிவிடும்.

நல்லவரும் கெட்டவரும் ஒரே மாதிரிதானே பேசறாங்க. எதை வச்சுப் பிரிக்கிறது?

பேச்சை வைத்துப் பிரிக்க முடியாது. கனவு, தியாகம், “நாம்” என்ற சொல் எல்லாம் இருவரிடமும் இருக்கும். நான் முதலில் பார்ப்பது விலகிப் போனவர்களை. அந்தக் குழுவை விட்டுப் போன ஒருவரைப் பற்றி உள்ளே இருப்பவர்கள் எப்படிப் பேசுகிறார்கள்? “அவருக்கு ஒத்துவரவில்லை, போய்விட்டார்” என்றால் சரி. துரோகி, மனநோயாளி, எதிரிகளின் கைக்கூலி என்றால் நான் எழுந்துவிடுவேன். தெரனோஸில் கேள்வி கேட்டவர்களுக்கு வழக்கறிஞர்களை வைத்து மிரட்டல் வந்தது. மேலே சொன்ன பேரனுக்கும் அதுதான் நடந்தது.

இரண்டாவது, தியாகம் யாருடையது என்பது. ஷாக்கில்டன் கழற்றியது தன் கையுறையை. மூன்றாவது, அந்தத் தலைவருக்கு நிறுத்தத் தெரியுமா என்பது. 1922 பிப்ரவரியில் சௌரி சௌராவில் கூட்டம் காவல் நிலையத்தைக் கொளுத்தி 22 காவலர்கள் இறந்தபோது, காந்தி ஒத்துழையாமை இயக்கத்தையே நிறுத்தினார். வேகத்தின் உச்சியில் இருந்த இயக்கம் அது. சிறையில் இருந்த நேருவுக்குக்கூடக் கோபம். காந்தி ஐந்து நாள் உண்ணாநோன்பு இருந்தார். சொந்த ஆட்களின் கைதட்டலை இழக்கத் துணிகிறவரை நான் கொஞ்சம் கூடுதலாக நம்புவேன். அந்த முடிவு சரியா என்று இன்றும் வாதம் நடக்கிறது, அது வேறு விஷயம்.

எல்லாரும் கேள்வி கேட்டா இயக்கம் எப்படி நடக்கும்? சிதறிடாதா?

கேள்விக்கு ஒரு நேரம், வேலைக்கு ஒரு நேரம் என்று வைத்தால் சிதறாது. அமெரிக்க அதிபர் கென்னடி 1961இல் கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் படையெடுப்புக்கு அனுமதி கொடுத்து மூக்குடைபட்டார். திட்டத்தில் சந்தேகம் இருந்தவர்கள் கூட்டத்தில் போதிய அளவு பேசவில்லை. அடுத்த ஆண்டு கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் வைக்கப்பட்டு நெருக்கடி வந்தபோது, ஆலோசகர்கள் தன் முகத்தைப் பார்த்துப் பேசுவதைத் தவிர்க்க, சில கூட்டங்களில் அவர் இல்லாமலே விவாதிக்க விட்டார். முதலில் பலர் குண்டுவீச்சு என்றார்கள், விவாதத்தின் முடிவில் கடல் முற்றுகை என்று தீர்மானமானது. ஆமாம் சாமி போடுகிறவர்கள் மட்டும் இருந்திருந்தால் அந்த இரண்டாவது யோசனை மேலெழும்பியிருக்காது.

நல்ல தலைவரே பின்னாடி மாறிப் போறாரே, அதுக்கு என்ன சொல்றீங்க?

1980இல் ஜிம்பாப்வே விடுதலை பெற்றபோது அதன் தலைவரான முகாபே பகை மறக்கச் சொல்லிப் பேசியதை உலகமே பாராட்டியது. சில ஆண்டுகளிலேயே அதே நாட்டின் மட்டபெலேலாந்து பகுதியில் அவருடைய படை ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அவர் பதவியை விட்டது 2017இல், 93 வயதில், அதுவும் ராணுவம் தலையிட்ட பிறகு. 27 வருடம் சிறையிலிருந்த மண்டேலா, 1994இல் அதிபராகி 1999இல் ஒரே பதவிக்காலத்தோடு இறங்கினார். இருவருக்கும் குணத்தில் வேறுபாடு இருந்திருக்கலாம். ஆனால் குணத்தை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம் என்பேன். வருடங்கள் போகப் போகக் கெட்ட செய்தி தலைவரின் காதுக்குப் போவது நின்றுவிடுகிறது. பக்கத்தில் இருப்பவர்களின் பிழைப்பு அவரைச் சந்தோஷப்படுத்துவதில் இருக்கிறது. பதவிக்கு முடிவு தேதி, கணக்குக்கு வெளித் தணிக்கை, இந்த இரண்டும் நல்ல தலைவருக்கும் வேண்டும்.

அப்போ மக்களுக்குப் பிடிச்ச தலைவர்தான் நல்ல தலைவர்னு சொல்ல முடியாதா?

முடியாது. 1966இல் கேலப் நிறுவனம் அமெரிக்காவில் நடத்திய கருத்துக்கணிப்பில் கிங்கைப் பிடிக்கவில்லை என்றவர்கள் 63 சதவீதம். பிடித்துப்போவதற்கும் நல்லவராக இருப்பதற்கும் தொடர்பு தளர்வானது, இரண்டு பக்கத்திலும்.

எங்க வீட்ல ஒருத்தர் இப்படி ஒருத்தர் பின்னாடி போயிட்டார். என்ன பண்றது?

கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, தனியாக வந்து கேட்கப்படும் கேள்வி இது. முதலில், அந்தத் தலைவரைத் திட்டாதீர்கள். திட்டினால் வெளி ஆட்கள் எதிரிகள் என்று உள்ளே சொல்லிக் கொடுத்ததை நீங்களே உறுதி செய்கிறீர்கள். போனவரிடம், அவருக்கு அங்கே என்ன கிடைக்கிறது என்று கேளுங்கள், உண்மையாகவே தெரிந்துகொள்வதற்காகக் கேளுங்கள். கூட நிற்க நாலு பேரும் செய்ய ஒரு வேலையும்தான் பெரும்பாலும் பதிலாக வரும். வீட்டில் அது ஏன் கிடைக்கவில்லை என்று யோசிக்க வேண்டியிருக்கும், அது கஷ்டம்தான்.

பேச்சை அறவே நிறுத்திவிடாதீர்கள். வாரம் ஒரு போன், பிறந்தநாள் வாழ்த்து, சாதாரணக் குடும்பச் செய்தி, எதுவானாலும் சரி, நூல் அறுந்துவிடக் கூடாது. பணம் கேட்டால் தராதீர்கள், ஏன் தரவில்லை என்பதைக் கோபமில்லாமல் சொல்லுங்கள். அடையாள ஆவணங்களின் நகல்களை வீட்டில் பத்திரமாக வைத்திருங்கள். குழந்தைகள் சம்பந்தப்பட்டிருந்தாலோ, அடி, மிரட்டல் இருந்தாலோ காத்திருக்க வேண்டாம், உடனே காவல்துறையையும் வழக்கறிஞரையும் அணுகுங்கள்.

வெளியே வர நினைப்பவரைப் பல நேரம் உள்ளே பிடித்து வைத்திருப்பது வெட்கம். “அப்பவே சொன்னேன்ல” என்ற ஒரு வரிக்குப் பயந்து இன்னும் சில வருடம் இருந்துவிடுகிறவர்கள் உண்டு. அந்த வரியை உங்கள் வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள் என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எப்போது வந்தாலும், எந்த நேரத்தில் வந்தாலும், முதல் நாள் யாரும் எதையும் கேட்க மாட்டோம் என்பதை அவருக்கும் நேரடியாகச் சொல்லிவிடுங்கள்.